குதிரையா, கூந்தலா?

நீளமான பின்னல் இருந்தால் தலைக்கவசம் பொருந்தாது என்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் குதிரை ஏறக் கூடாது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் பெண்களுக்கு ஒரு பழைய விடை இருக்கிறது.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார் காட்டைக் கடந்து மறையூருக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் காந்தலூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான். ஆனால் தெருவில் காதில் விழுவது தமிழ். ஏறக்குறைய 5,000 அடி உயரம். ஆப்பிள், பிளம்ஸ், காய்கறி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஜீப்புகள் ஓடுகின்றன.

காலையில் வயலுக்குப் போகும் பெண்களைக் கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நல்ல நீளக் கூந்தல்காரிகளாகவே இருப்பார்கள். ஆனால் கூந்தல் வெளியே தெரியாது. அள்ளி, முறுக்கி, பின்கழுத்தோடு ஒட்டினாற்போல ஒரு முடிச்சு. அதற்கு மேல் துண்டு. உச்சந்தலையில் எதுவும் இருக்காது, சும்மாடு வைப்பதற்காக. கொண்டை உச்சியில் இருந்தால் சும்மாடு நிற்காது. சும்மாடு நிற்காவிட்டால் சுமை நிற்காது. இதை யாரும் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் கொண்டையின் அருமை எனக்குப் புரிந்தது அங்கே அல்ல. இரண்டு நாள் கழித்து, வேறொரு மலை நகரத்தில், ஒரு மட்டக்குதிரையின் பக்கத்தில் நின்றபோதுதான்.

கிளை பிடித்த கூந்தல்

என் அண்ணன் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. இடுப்பைத் தாண்டிய கூந்தல். அன்று காலைதான் அவள் அப்பத்தா சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார். ஈரம் காயட்டும் என்று மேலே ஒரு கிளிப்பை மட்டும் குத்திக் கூந்தலை விரித்துவிட்டிருந்தார்கள். குதிரையைக் கண்டதும் பெண் நிற்கவில்லை. பணம் கொடுத்தோம், ஏற்றிவிட்டார்கள், போட்டோ எடுத்தோம். தலைக்கவசம் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாதையின் ஓரத்தில் தாழ்ந்த கிளை ஒன்று. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். பெண் குனிந்து தப்பினாள். பின்னால் பறந்த கூந்தல் தப்பவில்லை. நுனி கிளையில் சுற்றிக்கொண்டது. குதிரைக்கு அது தெரியுமா? அது தன்பாட்டுக்கு இன்னும் இரண்டு எட்டு வைத்தது. அந்த இரண்டு எட்டில் அவள் தலை பின்னுக்கு இழுபட்டு, உடம்பு சேணத்தில் சாய்ந்து, ஒரு கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு நின்றது. குதிரைக்காரர் சட்டென்று நிறுத்தியதால் பிழைத்தோம். ஒரு கொத்து முடியும் தலைத்தோலில் ஒரு சிராய்ப்பும்தான் நஷ்டம். குதிரை மிரண்டு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லப்பட்டது. கோவையில் குதிரைச் சவாரி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் அப்பத்தா சொன்னார்: “குதிரை வேணும்னா முடியை வெட்டிக்கோ கண்ணு. முடி வேணும்னா குதிரையை மறந்துரு.” பெண் அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அதைக் கண்டு அப்பத்தாதான் அழுதார்.

அந்தக் கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு விசாரிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

சினிமாவும் சட்டமும்

குதிரை மீது பெண் என்றாலே நம் மனதில் வரும் படம் ஒன்றுதான். ராணியோ கதாநாயகியோ, கூந்தல் கொடிபோலக் காற்றில் பறக்க வேண்டும். காலண்டர் ஓவியர்களும் சினிமாக்காரர்களும் சேர்ந்து பதித்த படம் அது. குதிரையோடு அன்றாடம் பழகுகிறவர்கள் அந்தப் படத்தை ஏற்பதில்லை. பிரிட்டனில் 1929ல் தொடங்கிய, சிறுவர் சிறுமியருக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் போனி கிளப், தன் விதிகளிலேயே கூந்தலைப் பற்றிப் பேசுகிறது. எங்கும் சிக்காதபடியும் தலைத்தோலில் காயம் வராதபடியும் கூந்தலைப் பத்திரமாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக எழுதிய விதி அல்ல அது.

விரித்த கூந்தலால் சவாரியில் வரும் தொல்லைகள் பல. காற்று திரும்பினால் முடி கண்ணில் அடிக்கும். குதிரை ஓட்டத்தில் இருக்கும்போது கண்ணை ஒரு நொடி மூடுவதே ஆபத்து. முடியை ஒதுக்க ஒரு கையைக் கடிவாள வாரிலிருந்து எடுத்தால் குதிரை அதையே ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது சேணத்தின் கொக்கியிலும் வாரிலும் முடி மாட்டும். மரக்கிளை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குதிரைக்குச் சக்கரம் கிடையாது, அந்த மட்டில் நல்லது. சக்கரம் இருந்தால் கூந்தல் என்ன செய்யும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோர் பூங்காவில் கோ-கார்ட் எனப்படும் சின்னப் பந்தய வண்டியில் குடும்பத்தோடு ஏறிய இளம்பெண் ஒருவர், கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2020 அக்டோபரில் ஹைதராபாத் அருகே ஒரு கல்லூரி மாணவிக்கும் அதே முடிவு. இருவருமே விடுமுறைச் சந்தோஷத்துக்காகப் போனவர்கள். ஏறும் முன் கூந்தலைச் சரியாகக் கட்டினார்களா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வேடிக்கை என்னவென்றால், குதிரையின் முடி விஷயத்தில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. போலோ ஆட்டத்துக்குப் போகும் குதிரையின் பிடரி மயிரை மழித்துவிடுகிறார்கள். வாலைப் பின்னி, மடித்து, இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆட்டக்காரரின் மட்டையும் வாரும் அதில் சிக்கிக்கொள்ளக் கூடாதே! குதிரைக்குச் செய்கிற காரியத்தைக் குதிரை மேல் இருக்கும் பெண்ணுக்குச் செய்ய மறக்கிறோம்.

உச்சியா, பிடரியா?

சரி, கட்டிவிடலாம். எங்கே கட்டுவது? சிக்கலே இங்கேதான்.

கூந்தலை உச்சியில் கொண்டையாக்கி அதன் மேல் தலைக்கவசத்தை அமுக்கி வைப்பதுதான் பலரும் செய்வது. வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாகத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. தலைக்கவசத்தின் கெட்டியான ஓட்டுக்கு உள்ளே ஒரு நுரைப் பகுதி இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, மோதலின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்ய அது தலையைச் சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கொண்டை இருந்தால் கவசம் மேலே தூக்கிக்கொள்ளும். நெற்றி திறந்து கிடக்கும், பக்கவாட்டில் இடைவெளி விழும். விழும்போது கவசம் ஒரு பக்கம் திரும்பும், தலை வேறு பக்கம் திரும்பும். கொண்டையில் குத்திய இரும்பு ஊசிகள் தலைத்தோலில் இறங்கும். காந்தலூருக்குப் போகும் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். அவை சாலையில் இருக்கலாம், தலைக்கவசத்துக்குள் இருக்கக் கூடாது.

இந்தச் சங்கடத்தை வேறு வழியில் சந்தித்தவர்கள் சீக்கியர்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு உச்சிக் கொண்டை சமய அடையாளம், மாற்ற முடியாது. கனடாவைச் சேர்ந்த டீனா சிங் என்ற தாய், சைக்கிள் ஓட்டும் தன் பிள்ளைகளுக்குப் பொருந்தும் கவசம் கிடைக்காமல், கொண்டைக்கு இடம் விட்டு மேலே புடைத்த வடிவில் ஒரு தலைக்கவசத்தையே உருவாக்கினார். கொண்டையை இறக்க முடியாதவர்களுக்குக் கவசத்தை மாற்ற வேண்டியிருந்தது. நம் பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொண்டையை இறக்கினால் போதும்.

இறக்கினால் எதுவரை? பிடரி வரை, அதாவது கவசத்தின் பின்விளிம்புக்குக் கீழே. பூண்டு வயலுக்குப் போகும் காந்தலூர்ப் பெண் எங்கே முடிந்திருந்தாளோ, அங்கே.

தொப்பி மாறியது, கொண்டை மாறவில்லை

டிரஸ்ஸாஜ் என்றொரு குதிரைப் போட்டி உண்டு. குதிரையை ஓடவிடாமல், நடனம்போல அடி அடியாக நடத்திக் காட்டும் கலை. இதன் உயர்மட்டப் போட்டிகளில் வெகுகாலம் உயரமான கறுப்புத் தொப்பி அணிவதுதான் மரபு. பார்க்கக் கம்பீரம், பாதுகாப்பு பூஜ்யம். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டை ஓட்டில் முறிவு, ஏறத்தாழ ஒரு மாதம் நினைவில்லை. அந்த விபத்து குதிரை உலகத்தை உலுக்கியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் தொப்பிக்குப் பதில் தலைக்கவசம் அணிந்தே தங்கம் வென்றார். 2021 முதல் சர்வதேச டிரஸ்ஸாஜ் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயமாகிவிட்டது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்தப் போட்டியில் பெண்கள் கூந்தலைப் பிடரியில் தாழ்வாக முடிந்து, அதன் மேல் கொண்டை வலை போடுவது வழக்கம். தொப்பி போய்க் கவசம் வந்தபோது இந்தச் சிகையலங்காரத்தை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா இதே டிரஸ்ஸாஜில் குழுத் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம். நால்வர் அணியில் இருவர் பெண்கள்: சுதிப்தி ஹஜேலா, திவ்யக்ருதி சிங்.

தெற்கிலும் காற்று திரும்பியிருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் தத்தமங்கலம் அங்காடி வேலைத் திருவிழா குதிரையோட்டத்துக்குப் பேர்போனது. ஆனால் குதிரை இனி திருவிழாச் சமாசாரம் மட்டும் இல்லை. 2019ல் திருச்சூர் மாவட்டம் மாளாவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகப் பையுடன் குதிரையில் பாய்ந்து பரீட்சைக்குப் போன காட்சியை நாடே பார்த்தது. 2023ல் மலப்புறத்தின் நிதா அஞ்சும் சேலாட், பிரான்சில் நடந்த இளையோர் உலக நெடுந்தூரக் குதிரைப் போட்டியில் 120 கிலோமீட்டரை முடித்துக்காட்டினார். அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர். நம் வீட்டுப் பெண்களும் கேட்கப்போகிறார்கள். ‘முடியை வெட்டு’ என்பதைத் தவிர நம்மிடம் வேறு பதில் இருக்க வேண்டாமா?

பின்னலா, கொண்டையா?

சங்க இலக்கியம் பெண்ணின் கூந்தலை ஐம்பால் என்று சொல்லும். ஐந்து வகையாக முடிப்பதால் அந்தப் பெயர். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று உரைகாரர்கள் எண்ணிச் சொல்வார்கள். ஐந்து வகை தெரிந்த இனத்துக்குக் குதிரைக்கென ஒரு வகை கண்டுபிடிப்பது கஷ்டமா?

அடர்த்தி குறைந்த கூந்தலுக்குப் பிடரிக் கொண்டையே போதும். அடர்ந்த நீளக் கூந்தலுக்கு அது சரிவராது. கொண்டை பெருத்துவிட்டால், தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கவசத்தின் பின்விளிம்பு அதில் இடிக்கும். கவசம் முன்னுக்குத் தள்ளப்பட்டுக் கண்ணை மறைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத் தட்டையான பின்னல்தான் நல்லது. உச்சியிலிருந்து அல்லாமல் பிடரியிலிருந்து பின்னத் தொடங்க வேண்டும். நுனியைத் துணி சுற்றிய ரப்பர் பேண்டால் கட்டி, பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிடலாம்.

நம் பள்ளிப் பெண்களின் ரெட்டைச் சடையும் இதற்கு வாகானதே. ஆனால் மடித்து ரிப்பன் கட்டும்போது காதோரம் தொங்குகிற அந்த வளையம் ஆபத்து. கிளை நுழைய அது நல்ல வாசல். இரண்டு சடைகளையும் பிடரியில் குறுக்காகக் கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, மேலே கொண்டை வலை போட்டுவிட்டால் வளையமே இருக்காது.

கூந்தலைக் கவசத்துக்குள்ளேயே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சில வகைப் போட்டிகளில் முடியைக் காதுக்கு மேல் தட்டையாகப் பரப்பி, வலையில் அடக்கி, உள்ளே செருகுவது வழக்கம். அப்படிச் செய்வதானால் அதே அலங்காரத்தோடு போய் அளவு பார்த்துக் கவசம் வாங்க வேண்டும். ஒருநாள் உள்ளே, ஒருநாள் வெளியே என்று மாற்றக் கூடாது. முடி உள்ளே இருக்கும்போது பொருந்திய கவசம், முடி வெளியே வந்ததும் தளர்ந்துவிடும்.

ஏறும் முன் ஐந்து நிமிடம்

* சிக்கெடுத்து, பிடரியில் தாழ்வாகப் பின்னுங்கள் அல்லது முடியுங்கள். ஈரத் தலையோடு கட்ட வேண்டாம். காயும்போது கட்டு தளரும், கவசத்துக்குள் புழுங்கும்.

* இரும்பு ஊசி, பல் வைத்த பெரிய பிளாஸ்டிக் கிளிப், ராக்கொடி, குஞ்சலம் எதுவும் வேண்டாம். பூச்சரத்தையும் கழற்றிவிடுங்கள். துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள் அல்லது உடம்போடு சுற்றி முடியுங்கள்.

* கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில், மட்டமாக உட்கார வேண்டும். நாடாவைப் பூட்டிய பின் தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கவசம் தனியாக ஆடினால் அது உங்களுக்கு உரியதல்ல.

* ஸ்கூட்டர் தலைக்கவசம் குதிரைக்கு ஆகாது. கனம் அதிகம், பக்கப் பார்வையும் காது கேட்பதும் குறையும். சைக்கிள் கவசமும் மாற்றல்ல. குதிரைச் சவாரிக்கென்றே சோதித்துச் சான்று கொடுத்த கவசங்கள் உண்டு. சிலவற்றில் பின்னலுக்கென்றே பின்பக்கம் இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

* பலமாக ஒருமுறை விழுந்தால் கவசத்தை மாற்றிவிட வேண்டும். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

* மலை ஊர்களில் வாடகைக் குதிரை ஏறுவதானால் கவசம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம். பாதையில் தாழ்ந்த கிளைகள் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* எல்லாவற்றையும் மீறி முடி சிக்கிவிட்டால், முன்னால் இழுக்கக் கூடாது. குதிரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சிக்கிய பக்கமாகவே தலையைச் சாய்த்தால் இழுவிசை குறையும். எடுக்க வராவிட்டால் அந்த நுனியை வெட்டிவிடலாம். முடி வளரும்.

சவாரி முடிந்ததும் கூந்தலை அவிழ்த்து வியர்வை காயவிட வேண்டும். நுனியிலிருந்து தொடங்கி, அகலப் பல் சீப்பால் மேல்நோக்கிச் சிக்கெடுத்துக்கொண்டே போக வேண்டும். நம் பாட்டிமார் அறியாத ரகசியம் எதுவும் இதில் இல்லை.

அப்பத்தாவின் நிபந்தனை

அண்ணன் மகள் இப்போது சனி, ஞாயிறுகளில் குதிரை ஏறுகிறாள். கூந்தல் இன்னும் இடுப்பைத் தாண்டித்தான் இருக்கிறது. தலைக்கவசம் வாங்கப் போனபோது அப்பத்தாவும் கூடவே வந்தார். பின்னிய தலையோடு நான்கைந்து கவசங்களை மாட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே ஆட்டிப் பார்த்தார். கடைக்காரருக்குக் கொஞ்சம் பொறுமை போய்விட்டது.

முதல் சனிக்கிழமை காலை, சீப்பை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பேத்தி வந்து முன்னால் உட்கார்ந்தாள். இதற்கு முன்னால் எத்தனையோ ஆயிரம் தடவை பின்னிய தலைதான். ஆனால் கை உடனே கூந்தலுக்குப் போகவில்லை.

“மொதல்ல அந்தத் தலைக்கவசத்தைக் கொண்டா கண்ணு,” என்றார். “அது எங்க முடியுதுன்னு பாத்துட்டுத்தான் நான் பின்னுவேன்.”